ஆய்வகத்தில் பிகோடெஸ்லா அளக்கும் குவாண்டம் சென்சார், வாசலைத் தாண்டினால் ஏன் திணறுகிறது?

கேட்டவர் புதுச்சேரியில் பொறியியல் இறுதியாண்டு படிப்பவர். வைரத்தைக் கொண்டு இயங்கும் குவாண்டம் காந்தப்புல சென்சார் ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்ய நினைக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "ஆய்வுக் கட்டுரைகளில் பிகோடெஸ்லா வரை அளந்து காட்டுகிறார்கள். அப்படியானால் கடலூர் சிப்காட்டில் குழாய் அரிப்பைப் பார்க்க, மருத்துவமனையில் இதயத்தைப் பார்க்க, கடலில் படகுக்கு வழி சொல்ல இது ஏன் இன்னும் வரவில்லை? ஐந்து வருடத்தில் வருமா?" காந்தப்புலத்தின் அலகு டெஸ்லா; அதை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துக்கொண்டே போனால் மில்லி, மைக்ரோ, நானோ, பிகோ, ஃபெம்டோ டெஸ்லா. மூன்று பயன்பாடுகளைச் சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டுரையில் அச்சான எண்ணுக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் நடுவில் எது வழிமறிக்கிறது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்புகளில் நடந்து பிழைத்தவன் நான். பிறகு லேசர் மேசைக்கு வந்தேன். கருவிக்காரன்தான், மருத்துவன் இல்லை. இதய நோய் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். குவாண்டம் காந்தமானி ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து எழுபது வருடம் ஆகிறது. அமெரிக்க இயற்பியலாளர்கள் பேக்கார்டும் வேரியனும் 1954-ல் காட்டிய புரோட்டான் காந்தமானி முழுக்க முழுக்க குவாண்டம் கருவிதான். ஒரு புட்டி மண்ணெண்ணெய், அதைச் சுற்றி ஒரு காயில். காயிலில் மின்சாரத்தைச் செலுத்தி நிறுத்தினால் திரவத்தில் உள்ள புரோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தள்ளாடும். நம் பக்கத்தில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அந்தத் தள்ளாட்டம் சுமார் 1,700 ஹெர்ட்ஸ். ஹெட்போன் மாட்டினால் காதால் கேட்கலாம். கனிமத் தேடல், மூழ்கிய கப்பல் தேடல், தொல்லியல் சர்வே என்று இது ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த, சீசியம் ஆவிக்குள் ஒளியைச் செலுத்தி அளக்கும் காந்தமானியும் அப்படியே. ஆகவே "குவாண்டம் என்பதால் வெளியே வர முடியவில்லை" என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். இவை ஏன் வெளியே பிழைத்தன என்று பார்ப்பதுதான் முக்கியம். நுண்ணுணர்வில் இவை எப்போதும் முதலிடத்தில் இருந்ததில்லை. ஆனால் புலத்தையும் தள்ளாட்ட வேகத்தையும் இணைக்கும் புரோட்டானின் மாறிலி நாளைக்கும் அதேதான், அடுத்த வருடமும் அதேதான். தொழிற்சாலையில் அளவு திருத்தத் தேவையில்லை, வெயிலில் எண் நகராது. வயலில் நிற்பவனுக்கு வேண்டியது அதுதான்.

அப்படிப் பழகிய கருவிகள்கூட நம் ஊரில் முரண்டு பிடிக்கும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியே போகிறது. அதனால் கடலூர், புதுச்சேரி பக்கம் பூமியின் புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாகவே கிடக்கிறது. சீசியம் சென்சாரில் ஒளி போகும் அச்சுக்கும் புலத்துக்கும் இடையே உள்ள கோணம் சுழிக்குப் பக்கத்திலோ 90 டிகிரிக்குப் பக்கத்திலோ வந்தால் சிக்னல் செத்துவிடும். புலம் செங்குத்தாக இறங்கும், வட துருவத்தை நெருங்கிய நாடுகளுக்கு எழுதிய கையேட்டைப் பார்த்து இங்கே சென்சாரை மாட்டினால் ஒன்றும் வராது. சாய்த்துத்தான் மாட்ட வேண்டும். அதோடு, நடுக்கோட்டை ஒட்டி சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் உச்சிப் பொழுதில் நம் தரையின் புலம் பல பத்து நானோடெஸ்லா ஏறி, மாலையில் இறங்கும். அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடக்கும் சுட்ட செங்கல் சுவர் தரும் மாற்றமே சில நானோடெஸ்லாவிலிருந்து சில பத்து வரைதான். ஆகவே ஒரு கருவி நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று ஒரே இடத்தில் நின்று வானத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிய வேண்டும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் கண்காணிப்பகப் பட்டியலில் புதுச்சேரி இருப்பது சும்மா இல்லை.

இப்போது புதியவற்றுக்கு வருவோம். மூன்று குடும்பங்கள் உண்டு. ஸ்குயிட் மூத்தது, 1964-ல் ஃபோர்டு ஆய்வகத்தில் பிறந்தது. மின்தடையே இல்லாத மீக்கடத்தி வளையம், அதைக் குளிர்விக்க மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியம். டேவிட் கோஹன் 1972-ல் இதைக் கொண்டுதான் மனித மூளையின் காந்த சிக்னலைத் தெளிவாகப் பதிந்தார். நமக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குயிட் சென்சார்களை உள்நாட்டிலேயே செய்து இதயத்தையும் மூளையையும் அளக்கும் அமைப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. இரண்டாவது, ஒளியால் தூண்டப்படும் ஆவிக் காந்தமானி. ரூபிடியம் அல்லது பொட்டாசியம் ஆவி நிறைந்த சிறு கண்ணாடிக் கூண்டு, ஒரு லேசர். பிரின்ஸ்டனில் ரோமாலிஸ் குழு 2003-ல் இதை ஃபெம்டோடெஸ்லாவுக்கும் கீழே கொண்டுபோனது. மூன்றாவது நீங்கள் எடுத்திருக்கும் வைரம்.

ஆவிக் காந்தமானியின் கதை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவதால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். மூளையின் சிக்னல் சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா. பூமியின் புலம் அதைப்போல் 40 கோடி மடங்கு. இருபது டன் லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு, மேலே இரண்டு அரிசிமணி விழுந்ததா என்று பார்ப்பது போன்ற வேலை. லாரி அசையாமல் நின்றாலும் பரவாயில்லை, இங்கே அதுவும் ஆடுகிறது. ஒற்றைக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தள்ளி 2 மைக்ரோடெஸ்லா. அது நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும். போகிற, வருகிற கம்பிகள் சேர்ந்தே ஓடுவதால் பெரும்பகுதி அடிபட்டுப்போகும் என்றாலும் மீதியே போதும் நம்மைக் கவிழ்க்க. லிஃப்ட், கீழே வந்து நிற்கும் கார், மாடியில் யாரோ இழுக்கும் இரும்பு பீரோ, எல்லாம் திரையில் தெரியும். நுண்ணுணர்வை இன்னும் பத்து மடங்கு கூட்டினால், இந்தக் குப்பைதான் பத்து மடங்கு தெளிவாகத் தெரியும்.

அதனால்தான் நாட்டிங்ஹாம் குழு 2018-ல் தலையில் மாட்டிக்கொண்டு அசையக்கூடிய மூளைக் காந்தமானியைக் காட்டியபோது, உலகம் ஹெல்மெட்டைப் பார்த்தது. என் கண் அறையைப் பார்த்தது. வெளிப் புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகக் கலவைத் தகடுகளால் மூடிய அறை, அதற்குள்ளும் மிச்சமிருக்கும் புலத்தைச் சுழியாக்க ஆளின் இருபுறமும் காயில்கள். சென்சார் சிறுத்துவிட்டது, அறை சிறுக்கவில்லை. கருவியின் உண்மையான எடையும் விலையும் அந்த அறையில்தான். இப்படிப்பட்ட அறைக்குள் நம் ஊர் ஆட்களை அனுப்பும்போது பெல்ட் பக்கிளும் ஹேர்பின்னும் யாருக்கும் நினைவிருக்கும். தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு யாருக்கும் நினைவிருக்காது. தங்கம் ஒன்றும் செய்யாது. அந்த ஒற்றை எஃகு ஊக்கு, மூச்சு இழுத்து விடும்போதெல்லாம் அரை சென்டிமீட்டர் நகர்ந்து, இதயத்தின் சிக்னலை முழுதாக விழுங்கிவிடும். இது கட்டுரையில் வராது. வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வைரம் ஏன் எல்லோரையும் இழுக்கிறது என்றால், அதற்குக் குளிர்ச்சியும் வேண்டாம், ஆவியும் வேண்டாம், சுழிப் புலமும் வேண்டாம். வைரத்துக்குள் ஒரு கார்பன் இடத்தில் நைட்ரஜன் அணு, அதன் பக்கத்து இடம் காலி. இந்த ஜோடிதான் என்.வி. மையம். பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் சிவப்பு கொஞ்சம் மங்கும். காந்தப்புலம் இருந்தால் அந்த மங்கல் இரண்டாகப் பிரிந்து, மைய அச்சின் திசையில் ஒவ்வொரு நானோடெஸ்லாவுக்கும் 28 ஹெர்ட்ஸ் வீதம் மேலும் கீழும் விலகும். வைரப் படிகத்தில் நான்கு திசைகள் இருப்பதால் இப்படி எட்டு மங்கல்கள்; இவற்றைத்தான் கோடுகள் என்கிறோம். புலத்தின் அளவோடு திசையும் கிடைக்கிறது. 2008-ல் ஹார்வர்ட், ஸ்டுட்கார்ட் குழுக்கள் இதைக் காந்தமானியாகக் காட்டியதிலிருந்துதான் இந்த அலை.

இனி, வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். அந்த 2.87 என்ற எண் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரி கூடினால் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். 28 ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: 2,600 நானோடெஸ்லாவுக்கு மேல். நீங்கள் ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், மே மாதக் கடலூரில் மின்விசிறி திரும்பியதைக் காந்தப்புயல் என்று பதிவு செய்வீர்கள். மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டையும் பிடித்து வித்தியாசத்தை எடுத்தால் வெப்பத்தின் பங்கு அடிபட்டுவிடும். இது எல்லோரும் எழுதுவது. அடுத்தது அவ்வளவாக எழுதப்படுவதில்லை. பூமியின் 40 மைக்ரோடெஸ்லா புலத்தில் கோடுகள் அதிகபட்சம் 1.1 மெகாஹெர்ட்ஸ்தான் விலகும். சாதாரண வைரத்தில் கோட்டின் அகலமே அந்த அளவுக்கு வரும். எட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். பிரித்தெடுக்க ஒரு நிலைக்காந்தத்தைப் பக்கத்தில் வைப்பார்கள், ஒன்றிரண்டு மில்லிடெஸ்லா. கடையில் கிடைக்கும் நியோடிமியம் காந்தம் டிகிரிக்கு சுமார் 0.1 சதவீதம் வலுவிழக்கும். 1 மில்லிடெஸ்லாவில் அது 1,000 நானோடெஸ்லா. இரண்டு கோடுகளின் வித்தியாசம் எடுத்தாலும் இது போகாது, ஏனென்றால் இது உண்மையான காந்த மாற்றம். சென்சார் சரியாகத்தான் அளக்கிறது. குவாண்டம் பகுதி குற்றமற்றது, பக்கத்தில் வைத்த காந்தம்தான் ஆடுகிறது. சமேரியம்-கோபால்ட் காந்தம் போட்டால் குறையும். நிலையான மின்னோட்டம் தரும் சுற்றோடு காயில் வைத்தால் இன்னும் குறையும். அப்போது உங்கள் காந்தமானியின் தரம் அந்த மின்னோட்டச் சுற்றின் தரம்தான்.

திசையை அளக்கும் எந்தச் சென்சாருக்கும் உள்ள சாபம் இன்னொன்று. புலத்துக்குக் குறுக்காக வைத்த அச்சு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தால் 40 மைக்ரோடெஸ்லாவிலிருந்து 0.7 நானோடெஸ்லா பொய்யாக வந்து சேரும். மேசைக் கால் வெயிலில் நீள்வதே இதற்குப் போதும். படகில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வெளிச்சத்தைச் சேகரிப்பதும் தலைவலி: வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4 என்பதால் உள்ளே பிறக்கும் சிவப்பில் பெரும்பங்கு வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே திரும்பித் திரும்பி, ஓரங்கள் வழியே போய்விடுகிறது. கடற்கரை ஊரில் கூடவே உப்புக்காற்று. மாலை ஏ.சி.யை அணைத்துக் கதவைத் திறந்தால் குளிர்ந்த லென்ஸில் பனி பிடிக்கும், சில மாதத்தில் பூஞ்சை, கனெக்டரில் பச்சை. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி இல்லாமல் ஒளியியல் எதையும் இந்தக் கரையில் விட்டுவைக்காதீர்கள்.

உங்கள் மூன்று பயன்பாடுகளுக்கு வருகிறேன். சிப்காட் குழாய்க்குக் குவாண்டம் தேவையில்லை. இதில் எனக்குத் தயக்கம் கிடையாது. எஃகுக் குழாயைக் காந்தமாக்கிக் கசியும் புலத்தைப் பார்க்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் புலம் மைக்ரோடெஸ்லா, மில்லிடெஸ்லாக் கணக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹால் சென்சார் என்ற சாதாரணக் காந்தப்புல சென்சார் போதும். அங்கே கஷ்டம் அளப்பதில் இல்லை. எஃகின் பழைய காந்தத்தன்மையையும் அரிப்பையும் பிரித்தறிவதில். அதற்கு எந்தக் குவாண்டமும் உதவாது. படகுக்கு வழி சொல்வது கொள்கையளவில் சரி: பாறைகளால் பூமியின் புலத்தில் ஏற்படும் மேடுபள்ளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு இருப்பிடம் கண்டுபிடிக்கலாம். ஜி.பி.எஸ். கிடைக்காத விமானத்துக்கும் நீர்மூழ்கிக்கும் உலகில் சிலர் இதைச் சோதித்து வருகிறார்கள். ஆனால் நல்ல காந்த வரைபடம் வேண்டும், வாகனத்தின் சொந்த இரும்பைக் கழிக்க வேண்டும். இரும்பு இன்ஜினோடு போகும் கடலூர்ப் படகு மீனவருக்கு ஜி.பி.எஸ். கையில் இருக்கும்போது இது எதற்கு?

இதயம்தான் நிச்சயமாகச் சொல்ல முடியாத இடம். சிக்னல் பல பத்து பிகோடெஸ்லா, மூளையைவிட நூறு மடங்குக்கும் மேல். இரண்டு சென்சார்களின் வித்தியாசம் எடுத்தால் லேசான கவசத்திலேயே அளக்க முடிகிறது. அளக்க முடியும் என்பது உறுதி. ஆனால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சொல்லாத எதை இது சொல்கிறது, அதனால் நோயாளியின் சிகிச்சை மாறுகிறதா என்பதை இதய மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கருவி விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு இடங்களில்தான் வைரம் முதலில் காலூன்றும் என்பது என் மதிப்பீடு. ஒன்று சிப் சோதனை. வைரத் தகட்டைச் சிப்பின்மேல் ஒட்டிவைத்து, மின்னோட்டம் எந்த வழியே ஓடுகிறது என்று கேமராவில் படமாகவே பார்க்கலாம். சில மைக்ரோமீட்டர் நெருக்கத்தில் போக முடிவதுதான் இங்கே பலம். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டி.சி.எஸ்.ஸும் இந்த வகை வைர நுண்ணோக்கிக்குக் கைகோத்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் தந்த, 6,003.65 கோடி ரூபாய் தேசியக் குவாண்டம் இயக்கத்தில் சென்சார்களுக்கான மையமும் பம்பாய் ஐ.ஐ.டி.தான்.

இன்னொன்று மின்வாகன பேட்டரி. பேட்டரியில் மீதி எவ்வளவு என்று கணக்கிட மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர், நிற்கும்போது மில்லிஆம்பியர். சாதாரண சென்சார் இரண்டையும் ஒருசேரத் துல்லியமாக அளக்காது. அதனால் பாதுகாப்புக்கென்று பேட்டரியின் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டியிருக்கிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகக் குழு 2022-ல் பஸ்பாரின், அதாவது பெரிய மின்னோட்டத்தைக் கடத்தும் உலோகப் பட்டையின், இரு முகங்களிலும் வைரச் சென்சார் ஒட்டி, வித்தியாசம் எடுத்து வெளி இரைச்சலைக் கழித்து, 1,000 ஆம்பியர் வரையிலான வீச்சில் 10 மில்லிஆம்பியரைப் பிரித்துக் காட்டியது. புலத்தைப் பின்தொடர்ந்து மைக்ரோவேவ் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனார்கள். அதனால் சென்சார் எங்கும் தன் அளவு எல்லையில் முட்டி நின்றுவிடவில்லை. இங்கே பிகோடெஸ்லா யாருக்கும் வேண்டாம். அகன்ற வீச்சும் வெப்பத்தில் நகராத எண்ணும்தான் வேண்டும். அன்று புரோட்டானைக் காப்பாற்றிய அதே குணம். ஆனால் சந்தையில் இது ஜெயிக்குமா என்பது வேறு விஷயம். டி.எம்.ஆர். எனப்படும், காந்தப்புலத்தில் மின்தடை மாறும் சென்சார்கள் மலிவாகவும் வருடாவருடம் நன்றாகவும் வந்துகொண்டிருக்கின்றன. லேசர், மைக்ரோவேவ், வைரம் மூன்றும் சேர்ந்து அந்த விலைக்கு இறங்கினால்தான் உண்டு. ஐந்து வருடத்தில் சிப் சோதனைக் கருவியை ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பார்ப்பீர்கள், காரில் ஒருவேளை. கடலூர் அரசு மருத்துவமனையில் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு நான் சொல்வது இதுதான். பஸ்பார் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பூமியின் புலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மைக்ரோவேவை உண்டாக்க ஏ.டி.எஃப். 4351 சிப் உள்ள போர்டு 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மலிவு. ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரும் கம்பி வளையமும் போதும். மலிவான 532 நானோமீட்டர் பச்சை லேசர் வாங்கினால் ஜாக்கிரதை. அது உள்ளே 808-ல் தொடங்கி, 1064-ஐ உண்டாக்கி, அதை இரட்டித்துத்தான் பச்சையைத் தருகிறது. அகச்சிவப்பு கசிந்தால் நீங்கள் போடும் சிவப்பு ஃபில்டர் அதைத் தடுக்காது, போட்டோடையோடு அதைச் சிக்னல் என்று எண்ணிக்கொள்ளும். நேரடியாகப் பச்சை தரும் 520 நானோமீட்டர் டையோடு லேசருக்கு இந்தக் கோளாறு இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் எதையும் இயக்காதீர்கள், பார்க்க வரும் நண்பர்களுக்கும் சேர்த்து.

சிவப்பில் வரும் மங்கல் ஓரிரு சதவீதம்தான் இருக்கும். மைக்ரோவேவின் அதிர்வெண்ணை அசைத்து, அந்த அசைவோடு சேர்ந்து வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் முறையில் எடுங்கள், லேசரில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து இன்னொரு போட்டோடையோடுக்குக் கொடுத்துக் கழியுங்கள். இது ஓடியதும் மூன்று வரைபடம் போடுங்கள்: மின்னோட்டம் சுழியாக 24 மணி நேரம் விட்டது, அறை வெப்பத்தை வேண்டுமென்றே 10 டிகிரி மாற்றியது, பக்கத்தில் ஸ்பேனரை நகர்த்தியது. உங்கள் வழிகாட்டி நுண்ணுணர்வு எண்ணைத்தான் கேட்பார். அதையும் கொடுங்கள், ஆனால் அந்த 24 மணி நேர வரைபடத்தை முதல் பக்கத்தில் போடுங்கள். நிலைக்காந்தம் எது, வைரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை எழுதினால், எந்த அளவு நகர்வை எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.